தொப்புள்கொடி ரத்தத்தோடு கல்வராயன் மலைக்கு

நான் அருவி பார்க்கப் போகவில்லை. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, பிரிக்கும் வேலை எனக்கு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாமல் மாதாமாதம் ஏற்றிக்கொள்கிறாள். அவள் அம்மாவுக்குக் கள்ளக்குறிச்சியில் பிரசவம். பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள குருத்தணுக்கள் அக்காவைக் குணப்படுத்தலாம். அதை வாங்கிவரத்தான் போன பிப்ரவரியில் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம், 235 ரூபாய். மறுநாள் காலை 8.10க்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப் பையைப் பெட்டியில் வைத்தேன். பொருத்தம் பார்க்க அக்காவின் ரத்தமும் வேண்டும். வலி முன்னதாகவே வந்துவிட்டதால் அவளை மலையில் அத்தையிடம் விட்டுவந்திருந்தார்கள். வாடகைக் கார் பிடித்தேன். கச்சிராயபாளையம் வழியாக 40 கி.மீ., ஒன்றரை மணி நேரம், போக வர 2,200 ரூபாய்.

ஓட்டுநர் ஆரோக்கியம் அண்ணன் தியாகதுருகத்துக்காரர். பெட்டியில் என்ன என்று கேட்டார். ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) குருத்தணுவில் மட்டும் போய் ஒட்டும், லேசர் பட்டால் மின்னும், மின்னுவதை இயந்திரம் தனியாகப் பிரிக்கும் என்றேன். மந்தையில் கலந்த ஆட்டைச் சாயம் பார்த்துப் பிரிக்கிற மாதிரி என்றார். எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததே இல்லை.

சிறுமியின் வீட்டில் ஊசியைப் பார்த்து அவள் ஓட, பிடித்து உட்காரவைக்கவே அரை மணி ஆயிற்று. ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்பினால் காரில் பெட்டி இல்லை. உயிரே போய்விட்டது. அண்ணன் அதைப் பலாமர நிழலில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கறுப்புத் துணிய சுத்தி வெயில்ல வச்சிக்கினு போனீங்களேம்மா, உள்ள இருக்கறது இன்னாத்துக்கு ஆவும்?"

தப்பு என்னுடையதுதான். சாயம் ஏற்றிய அணுக்கள் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் ஆய்வகத்தில் எதையும் மூடியே வைப்போம். அந்தப் பழக்கத்தில் என் கறுப்புச் சால்வையைப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தேன். இந்த ரத்தத்துக்கு இன்னும் சாயமே ஏற்றவில்லை! பெட்டியின் வெப்பமானி 24 டிகிரி காட்டியது. இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கூச்சத்தோடு சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இரவு எட்டுக்கு ஆய்வகம். விளக்கணைத்து, சாயமேற்றி, இயந்திரத்தில் விட்டேன். திரையில் புள்ளிகள் மேலேறி ஓரிடத்தில் திரண்டன. அணுக்கள் உயிரோடு இருந்தன, போதுமான அளவும் இருந்தன. உட்கார்ந்து அழுதேன்.

போகிறவர்களுக்கு: மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். வளைவுகள் அதிகம், வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தோ மாதிரியோ கொண்டுபோனால் ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் பொருத்தம் சரியென்று வந்தது. சிகிச்சைக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். கொடையாளரின் பெயர் என்ற இடத்தில் 'இன்னும் வைக்கவில்லை' என்று எழுதினேன்.