இடத்தை விட்டு எழுந்தவள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று காலை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் என் மகள். முன் சீட்டில் என் கணவரின் அண்ணன். என் மகளுக்குப் பெரியப்பா என்பதால் வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியப்பாதான். நான் மட்டும் மாமா என்று கூப்பிடுவேன். காந்தி மார்க்கெட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெங்காய மண்டி வைத்திருந்தார்கள். அண்ணன் வாயைத் திறந்தால் தம்பி தரையைப் பார்ப்பார். தம்பியை மண்டியில் உட்காரவைத்துவிட்டு, என் மகளின் பரீட்சைக்கு அண்ணனே கிளம்பி வந்திருந்தார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் மகள் அதுவரை படித்தது கொள்ளிடக்கரைக்குப் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டில் நடந்த மாண்டிசோரி பள்ளியில். சென்னையில் பயிற்சி பெற்று வந்த இரண்டு பெண்கள் அதை நடத்தினார்கள். பெஞ்சு கிடையாது, மார்க் கிடையாது, பிரம்பும் கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கொரு பாயை விரித்து, மணிகளையும் அட்டைகளையும் பரப்பிக்கொண்டு தங்கள் வேலையைத் தாங்களே செய்யும். எழுதப் படிக்க வந்ததும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடு, இதெல்லாம் சின்னக் குழந்தைகளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. பூமி உண்டானதிலிருந்து மனிதன் வந்தது வரை ஒரு நீளத் துணியில் வரைந்து கூடம் முழுக்க விரித்திருப்பார்கள். அதன் ஓரமாக நடந்தபடி என் மகள் மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். பெற்ற பெண் மேலேயே பொறாமை வந்தது.

பெரியப்பாவுக்கு அது "மணி கோக்கிற ஸ்கூல்". சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார், "பாய் விரிச்சுப் படுக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கும்மா?" நான் ரசத்தை வேகமாக ஊற்றுவேன்.

அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு அரசாங்க அங்கீகாரமும் இல்லை. அதனால் திருச்சியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர வேண்டுமானால் பரீட்சை எழுதித் தேற வேண்டும். முந்தைய வாரமே பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தேறினா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. தேறலைன்னா துறையூர் பக்கத்துக் கிராமத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போகட்டும். வீட்டு வேலை பழகட்டும். படிச்ச வரைக்கும் போதும்." என் கணவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். அந்த அக்காவின் ஊரில் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடமே இல்லை. அந்த வீட்டுக்குப் போன பெண் திரும்பிப் படிக்க வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மெயின்கார்டு கேட்டில் இறங்கி நடந்தோம். பள்ளியில் பிள்ளைகளை ஒரு வகுப்பறைக்குள் அனுப்பிவிட்டு எங்களை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். ஜன்னல் கம்பி வழியாக எனக்கு உள்ளே தெரிந்தது. பெரியப்பா தூணில் சாய்ந்துகொண்டார்.

உள்ளே போனதும் என் மகள் சுற்றிலும் பார்த்தாள். பாய் எங்கே என்று தேடுகிறாள். நல்லவேளை, மற்றவர்களைப் பார்த்து அவளும் பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையில் கணக்குகள் எழுதியிருந்தன. பெரிய பெரிய வகுத்தல். மணிகளை நகர்த்தி நகர்த்தியே கணக்குப் பழகியவள், மணி இல்லாமல் செய்வாளா? அவள் விரல்கள் மேசைமேல் எதையோ நகர்த்தின. அங்கே ஒன்றுமில்லை. பிறகு எழுதத் தொடங்கினாள், நிற்காமல் எழுதினாள். எனக்கு மூச்சு வந்தது.

மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அவள் முடித்துவிட்டு, டீச்சர் மேசையிலிருந்து எடுத்து வந்த பென்சிலோடு எழுந்தாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது அவள் பள்ளி வழக்கம். காவலுக்கு இருந்த டீச்சர், "உட்காரு" என்று அதட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்காரு, உட்காரு, பெல் அடிக்கும்வரை அசையாமல் உட்காரு என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கத்தினேன்.

அப்போதுதான் பின் பெஞ்சில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பாலக்கரைப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா, அவள் அத்தா என்று கூப்பிட்டவர், எங்களோடுதான் வராந்தாவில் நின்றிருந்தார். சத்தமில்லாமல் அழுதாள், கண்ணீர் தாளில் சொட்டியது. என் மகள் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம்டி என்று வாயசைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவேயில்லை.

எழுந்தாள். நேராகப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, தன் பள்ளியில் கேட்கிற மாதிரியே கேட்டாள், "நான் வரலாமா?"

ஒருவர் வேலை செய்யும் இடத்துக்குப் போவதற்கு முன் அப்படிக் கேட்க வேண்டும். அது அங்கே பிள்ளைகளுக்குப் பழக்கம். அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு தலைகளும் ஒரே தாளின் மேல் குனிந்தன. டீச்சர் ஓடிவந்து இரண்டு தாளையும் பிடுங்கிக்கொண்டார்.

தலைமை ஆசிரியையின் அறையில் என் மகளையும் பெரியப்பாவையும் என்னையும் நிற்கவைத்தார்கள்; அந்தப் பெண்ணும் அவள் அத்தாவும் வராந்தாவிலேயே நின்றார்கள். அந்த அம்மாள் என் மகளின் தாளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"கணக்கெல்லாம் சரியா இருக்கு. ஆனா பரீட்சையில காப்பி அடிக்கறதும் தப்பு, காப்பி அடிக்க விடறதும் தப்பு. இனிமே யாருக்கும் விடை சொல்ல மாட்டேன்னு மன்னிப்புக் கேளு. சின்னப் பொண்ணுன்னு மன்னிச்சுச் சேர்த்துக்கறேன்."

இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் திரும்பியது. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

"நான் விடை சொல்லவே இல்லீங்களே டீச்சர்" என்றாள் மகள்.

"பொய் வேறயா?"

"இல்லீங்க. விடை சொன்னா அவ வேலை கெட்டுப்போயிடும். நீ எதுல தொடங்கினேன்னு கேட்டேன். மீதி எங்கன்னு கேட்டேன். அவளே கண்டுபிடிச்சிட்டா."

கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வேறு. அந்த அம்மாளின் முகம் இறுகியது. நான் முதுகுக்குப் பின்னால் அவள் கையை அழுத்தி, "சொல்லுடி" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. ஆறு வருஷமாக யாரும் அவளிடம் செய்யாததைச் செய்ததாகச் சொல்லச் சொன்னதில்லை.

துறையூர் வீட்டு அடுப்படி என் கண்முன் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா தொண்டையைச் செருமினார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"ஏங்கம்மா, எங்க வீட்டுப் பொண்ணு பொய் சொல்லாது. அது செய்யலைங்குது. செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு? உங்க இடம் எங்களுக்கு வேணாம். நீ வா பாப்பா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். இத்தனை வருஷம் அந்தப் பள்ளியைக் கரித்துக்கொட்டிய மனுஷர், ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்க வேண்டிய நேரத்தில் அவள் பக்கம் பேசிவிட்டார். நிஜமாகவே அவளுக்காகப் பேசினாரா, இல்லை துறையூருக்கு வழி திறந்தது என்று பேசினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கவும் இல்லை. அன்று அவரைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

நான் மட்டும் அந்த அறையில் நின்றேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். மாமியாரிடம்கூடக் கேட்டதில்லை.

"அம்மா, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

"அவளை அந்த ஸ்கூல்ல சேர்த்தது நான். அங்க யாராவது அழுதா எழுந்து போகணும். இங்க போகக் கூடாதுன்னு சொல்லித் தராம கூட்டிட்டு வந்தது என் தப்பு. அவ செஞ்சதைத் தப்புன்னு மட்டும் என்னால சொல்ல முடியாதுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வந்துவிட்டது. தலைமை ஆசிரியை இரண்டு தாளையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"இது வேற வழியில போட்டிருக்கு" என்றார், அந்தப் பெண்ணின் தாளைத் தொட்டு. "பார்த்து எழுதினது இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் சேர்த்துக்கறேன். ஆனா இங்க இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நாப்பது பிள்ளைங்க இருக்கற வகுப்பு. நீங்க பொறுப்பு."

"எழுந்திருக்க மாட்டா" என்றேன். அவர் எதைக் கேட்டிருந்தாலும் சரியென்றிருப்பேன்.

வாசலில் பெரியப்பாவிடம், "சேர்த்துக்கிட்டாங்க மாமா" என்றேன்.

"மன்னிப்புக் கேட்டியா?"

"நான் கேட்டேன். அவ கேக்கல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸுக்கு நடந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். புது ஸ்கூலில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும், டீச்சர் கூப்பிட்டால்தான் எழுந்திருக்கலாம் என்று.

"யாராவது அழுதா?"

"அப்பவும்தான்."

ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டாள். காவிரியில் இன்னும் தண்ணீர் விடவில்லை, பாலத்துக்குக் கீழே வெறும் மணல். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் தலையைத் தடவி, "பெல் அடிச்சதும் முதல்ல அவகிட்ட ஓடிப் போ, சரியா?" என்றேன்.

அவள் கம்பியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"அதுக்குள்ள அவ அழுது முடிச்சிருப்பாளேம்மா."

முன் சீட்டில் பெரியப்பாவின் தலை மெல்லத் திரும்பியது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவரும் காத்திருந்தார்.