முட்டைக் கிண்ணத்துத் தோட்டா

ஹார்ட்விக் மாமா அவித்த முட்டையின் தலையைத் தட்டுவதற்கு முன்னால் தோட்டாவை எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். வேட்டைக்குப் போகிற காலைகளில் என் மாமியார் குட்ரூன் ஆளுக்கு இரண்டு முட்டைக் கிண்ணம் வைப்பார். ஒன்றில் முட்டை, இன்னொன்றில் பெருவிரல் தடிமனில் ஒரு பித்தளைத் தோட்டா. "முட்டை வேணும்னா இன்னொண்ணு அவிச்சுத் தரேன். தோட்டா ஒண்ணுதான்" என்பார். அது மாமா வைத்த சட்டம், ஆனால் அமல்படுத்துவது மாமியார்.

"ரெண்டாவது தோட்டா பையில இருந்துச்சுன்னு வை, முதலாவதை எவனும் ஒழுங்காச் சுட மாட்டான்" என்பது மாமாவின் வாதம். எங்கள் குடும்பத்துத் துப்பாக்கிகளும் அந்தச் சட்டத்துக்கு ஏற்றவைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான் போட முடியும். அடியிலுள்ள நெம்புகோலை இழுத்து, வாயைத் திறந்து, ஊட்டி, மூட வேண்டும். உள்ளே கரிமருந்து. சுட்டால் குதிரை உதைத்தாற்போல் இருக்கும், பிறகு கொஞ்ச நேரம் புகையைத் தவிர வேறெதுவும் தெரியாது. தொலைநோக்கி பொருத்துவதெல்லாம் மாமாவுக்குப் பிடிக்காது. "அதெல்லாம் நட்சத்திரம் எண்ணுறவனுக்கு."

இந்தத் துப்பாக்கிகளின் வயதைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் தலைநகர் விண்டுக்கில் புத்தம் புதிதாக வாங்கியவை. கட்டையின் பளபளப்பு பிடிக்காமல் மாமா அதைக் காபிக் கசடாலும் ஆட்டுக் கொழுப்பாலும் ஒரு மாதம் தேய்த்துக் கிழடாக்கினார். விருந்தாளிகளிடம், "நூத்தம்பது வருஷத்துத் துப்பாக்கி" என்பார். லேசாக இருமிவிட்டு, "மாதிரி" என்று சேர்ப்பார். அவர்கள் போன பிறகு எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். "நான் மட்டும் என்ன? பெரிய வேட்டைக்காரன்..." இருமல். "மாதிரி."

எழுபத்திரண்டு வயது. ஆள் நெட்டை, நிலைவாசலில் குனிந்துதான் வருவார், அப்போதும் தொப்பியைக் கழற்ற மாட்டார். சாப்பாட்டு மேசையில், தேவாலய வாசலில், குளியலறைக் கதவு வரைக்கும் தொப்பி. "படுக்கையிலயாவது கழட்டுறாரேன்னு சந்தோஷப்பட்டுக்கறேன்" என்பார் குட்ரூன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. பெயர் ஆர்னோ. விண்டுக்கில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன், கண்ணாடியைக் கழற்றினால் நீட்டிய கையின் விரலை எண்ண முடியாத கிட்டப்பார்வைக்காரன். இந்த வீட்டுப் பெண் சில்கேயைக் கட்டியதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், ஊட்யோவுக்கு வடக்கே உள்ள இந்தப் பண்ணைக்கு வருகிறேன். வருடம் முழுவதற்கும் உப்புக்கண்டம் போட மான் வேண்டும், அதற்குக் குடும்பமே காட்டுக்குள் இறங்கும். நான் சுட்டு இதுவரை ஒரு தண்ணீர்த் தொட்டி வீழ்ந்திருக்கிறது.

ஆனால் மூன்று குளிர்காலமாக மாமாவும் எதையும் சுடவில்லை. துப்பாக்கியை உயர்த்துவார், தாழ்த்துவார். "காத்து சரியில்ல." "அது சினை மாதிரி இருக்கு, விடு." "கொம்பு இன்னும் ஒரு சாண் வளரட்டும், பாவம்." சாயங்காலம் அதே தோட்டாவைப் பையிலிருந்து எடுத்து அதே கிண்ணத்தில் வைப்பார். தடவித் தடவியே பித்தளை தங்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் மாமாவுக்கு மகான் என்று பெயர் வந்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் என்னிடம் ஒருநாள் ஜம்பமாகச் செய்தித்தாளை விரிக்கும் வரையில்.

"பாரு மாப்பிள்ளே! அம்பது வயசுலேர்ந்து கண்ணாடி இல்லாம ஒரு வரி படிக்க முடியாது. இப்போ கடுகெழுத்துகூட வெறுங்கண்ணால படிக்கிறேன். உன் கடையை இழுத்து மூடு!"

எனக்குப் பகீரென்றது. வயதானவர் திடீரென்று கண்ணாடியில்லாமல் படிக்கிறார் என்றால் கண்ணுக்குள் புரை முற்றுகிறது, கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல். என் தொழிலில் இது அரிச்சுவடி. சில்கேயிடம் சொன்னேன். "நீங்களே அப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள். போனேன். வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன். துணிச்சலில் நான் அப்படி.

இந்த ஜூலையில் சில்கே காலையிலேயே ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டுத் தன் தோட்டாவை முடித்துவிட்டாள். வெயில் ஏறியபோது முள்மரங்களுக்கு நடுவே ஓர் ஓரிக்ஸ் மான் தனியாக நின்றது. மாடு கனம், ஈட்டி போல நேராக இரண்டு கொம்பு. மாமா துப்பாக்கியை உயர்த்தினார், தாழ்த்தினார்.

"காத்து என் பக்கம் சரியில்ல. நீ சுடு, மாப்பிள்ளே."

அவருக்குப் பக்கத்தில் ஒட்டி நின்ற எனக்கு மட்டும் காற்று எப்படிச் சரியாகும் என்று கேட்கிற புத்தி எனக்கு இருந்திருக்கலாம். பெருமை தலைக்கேறிச் சுட்டுவிட்டேன். கண்ணாடி தெறித்துப் புல்லில் விழுந்தது. தேடி எடுத்து மாட்டிப் புகை விலகிப் பார்த்தால், மான் பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

"பரவாயில்ல, இந்தத் தடவை தண்ணித்தொட்டி தப்பிச்சுது" என்றார் மாமா. ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு இந்த வீட்டார் யாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததில்லை. மூவரிடமும் சேர்த்து மிச்சமிருந்தது ஒரே தோட்டா, அந்தத் தங்கத் தோட்டா.

சில்கே குனிந்து இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தாள். புல்லில் சிவப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. உச்சிவேளையில் அதைக் கண்டோம். ஒரு முள்மரத்தின் கீழ் எங்களைப் பார்த்துத் திரும்பி, கொம்பைத் தாழ்த்தி நின்றது. விலா ஏறி ஏறி இறங்கியது.

மாமா உயர்த்தினார். வெகுநேரம் பிடித்திருந்தார். தாழ்த்தினார். "காத்து..." என்று ஆரம்பித்தார்.

"காத்தே இல்லப்பா" என்றாள் சில்கே மெதுவாக. "ஒரு இலைகூட அசையல."

குறி தப்பினால் மான் எங்கள் மேல் பாயும், அல்லது எங்காவது புதருக்குள் கிடந்து இரண்டு நாள் துடிக்கும். இரண்டுமே மாமாவுக்குத் தெரியும். மானை விட்டுக் கண்ணெடுக்காமல் இடக்கையை என் பக்கம் நீட்டினார்.

"மாப்பிள்ளே, உன் கண்ணாடியில ஒரே தூசி. கொடு, துடைச்சுத் தரேன்."

கழற்றிக் கொடுத்தேன். அவர் துடைக்கவில்லை, மாட்டிக்கொண்டார். "அடேயப்பா!" என்று ஒரு முணுமுணுப்புக் கேட்டது. பிறகு வெடி.

இந்தக் குடும்பத்தின் மிகச் சிறந்த துப்பாக்கிச் சூட்டை நேரில் நின்று பார்த்தவன் நான். பார்த்தது இவ்வளவுதான்: பழுப்பாக ஒரு கறை நின்றுகொண்டிருந்தது, அப்புறம் நின்றுகொண்டிருக்கவில்லை. "விழுந்துடுச்சு" என்று சில்கே சொன்ன பிறகே மூச்சு விட்டேன். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடி இல்லாததால் கண் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

வேட்டைக்காரர் வழக்கப்படி சில்கே மரத்தில் இரண்டு இலைக்கொத்து ஒடித்தாள். ஒன்றை, கடைசிக் கவளமாக, மானின் வாயில் வைத்தாள். மற்றதைச் சுட்டவரின் தொப்பியில் செருகினாள். மூன்று வருடமாக வெறுமையாக இருந்த தொப்பி அது.

கண்ணாடி திரும்பி வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் மாமாதான் பிக்கப் வண்டியை ஓட்டினார். "இந்த வேலி எப்போ இப்படிப் பிஞ்சுது?" "அட, அந்த மலையில மரமெல்லாம் இருக்கே!" சமையலறைக்குள் வந்தவர், அடுப்பருகே நின்ற குட்ரூனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"அது ஆச்சு மூணு வருஷம்" என்றார் குட்ரூன். "எப்போ கேப்பீங்கன்னு இருந்தேன். முதல்ல மாப்பிள்ளையோட கண்ணாடியைக் கொடுங்க. அவர் அலமாரிக்கு வணக்கம் சொல்லிட்டு நிக்கிறார்."

மாமா கண்ணாடியைக் கழற்றி, கரிமருந்துக் கையாலேயே என் மூக்கில் மாட்டிவிட்டார். ஒரு நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் குட்ரூன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தை என் பக்கம் நிமிர்த்தி, ஒரு விரலால் கீழிமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.