எலோடியின் கடைசிக் காட்சி

செல்வரட்ணம் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தால் பாதிப் படத்திலேயே தூங்கிவிடுவார். முடியும் நேரத்தில் திடுக்கிட்டு விழித்து, "அவன் வந்திட்டானோ?" என்று கேட்பார். துப்பறியும் படமென்றாலும் அதே கேள்விதான். காற்பந்தாட்டம் என்றாலும் அதே கேள்விதான். அந்த "அவன்" ஒரு பழைய பிரெஞ்சு நாவலில் வருகிற புல்வெட்டுகிறவன் என்பது வுப்பர்டால் நகரிலேயே அவருடைய மனைவி புஷ்பராணி ஒருவருக்குத்தான் விளங்கும்.

புஷ்பராணி ஜெர்மனிக்கு வருவதற்கு முன் சில வருடம் பாரிஸில் இருந்தார். அகதிகளுக்கான மொழி வகுப்பில் அந்த நாவலின் சுருக்கப் பதிப்பைத்தான் பாடமாக வைத்திருந்தார்கள். மலையடிவாரத்து மாட்டுப் பண்ணை ஒன்றில் தனியாக இருக்கும் எலோடி. கோடை தோறும் அந்தப் பக்கம் புல்வெட்ட வருகிற ழுல். அடுத்த கோடைக்கு வந்து மணமுடிப்பதாகச் சொல்லிவிட்டு அவன் நகரத்து ஆலைக்கு வேலைக்குப் போகிறான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆலைக்காரன் ஒருவன் பெண் கேட்கிறான், எலோடி மறுக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் தொழுவத்தின் கதவைத் திறந்து மாடுகளை வெளியே விடுகிறாள். கதை அவ்வளவுதான்.

படமாக எடுத்தவர்களுக்கு அவ்வளவு போதவில்லை. பழைய கறுப்புவெள்ளைப் படத்தில் ழுல் நொண்டிக்கொண்டு திரும்பி வருகிறான். பிறகு வந்த தொலைக்காட்சித் தொடரில் எலோடி ஆலைக்காரனையே கட்டிக்கொள்கிறாள். கலியாணமாகி வுப்பர்டாலுக்கு வந்த புதிதில், அந்தப் பழைய படத்தை ஜெர்மன் குரலில் ஒருநாள் போட்டார்கள். செல்வரட்ணம் அன்று மட்டும் தூங்கவில்லை. ழுல் வேலிப் படலையைத் திறந்தபோது, "பார், வந்திட்டான்!" என்று எழும்பியே விட்டார். புத்தகத்தில் அவன் வருவதில்லை என்று புஷ்பராணி சொன்னதற்கு, "எழுதினவனுக்கு நெஞ்சில ஈரமில்லைப் போல" என்றார். அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்தது.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் மரக்கறி வெட்டிக்கொண்டே புஷ்பராணி அந்த நாவலைத் தமிழ் நாடகமாக்கினார். மனதுக்குள் பேச்சை ஓட்டிப் பார்ப்பார், பேருந்தில் எழுதுவார். எழுதி முடிக்கும்போது செல்வரட்ணம் உயிரோடு இல்லை. மாரிக் குளிரில் ஒரு காலை, சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் கோடை விழாவுக்கு அந்த நாடகத்தையே போடுவதென்று தலைவர் முருகேசு முடிவெடுத்தார். துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். கதையை வன்னிக்கு மாற்றினால் சனத்துக்குப் பிடிக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"பனியில்லாமல் எலோடி இல்லை அண்ணை" என்றார் புஷ்பராணி.

"அப்ப மாடு?"

"மாடு உள்ளுக்கு நிக்குது. சத்தம் மட்டும் வரும்."

"அந்தச் சத்தத்தை நானே போடுறன்" என்றார் முருகேசு. போட்டும் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எலோடியாக ஆரணி நடித்தாள். நல்ல குரல் அவளுக்கு. ழுல்லாக பஸ் ஓட்டும் ஐங்கரன். முயலுக்குப் போடும் காய்ந்த புல்லைப் பை பையாக வாங்கிவந்து மேடையில் பரப்பியதும் அவனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "புல்லு வெட்ட வந்தவனுக்குப் புல்லு ஒத்துக்கொள்ளேல்லையாம்" என்று ஆரணி சொல்ல, கலியாணம் பேசும் காட்சியை மூன்று தரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கடைசிக் காட்சியை ஒத்திகை பார்த்த ஞாயிற்றுக்கிழமை ஆரணியின் தாய் தவமலர் மண்டபத்துக்கு வந்தார். மகள் கறுப்பு உடுப்போடு வெறும் மேடையில் தனியே நிற்பதைக் கண்டவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. ஆவணியில பிள்ளைக்குக் கலியாணம். இந்த நேரத்தில கறுப்புடுத்து, ஆருமில்லாதவள் மாதிரி நாலு சனத்துக்கு முன்னால நிக்கிறதோ? மாப்பிள்ளை வீட்டுக்காரரும் பார்க்க வருவினம்."

"அம்மா, இது நாடகம்" என்றாள் ஆரணி.

"நீ சும்மா இரு."

முருகேசு இடையில் புகுந்தார். "பழைய படத்தில அவன் திரும்பி வாறானாமே? அதையே வைப்பம் பிள்ளை. சனமும் சந்தோஷமாய் வீட்டை போகும். அடுத்த ஒத்திகைக்கு முதல் மாத்தித் தாங்கோவன்."

புஷ்பராணி பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தார். தவமலர்மேல் அவருக்குக் கோபம் இல்லை. தனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்பார்.

மாற்ற முயன்றார். ழுல் படலையைத் திறப்பதுவரை எழுதிவிட முடிந்தது. அதற்கு மேல் எலோடிக்கு ஒரு வசனமும் எழுத வரவில்லை. சமையலறையில் லீக்ஸ் தண்டுகளைக் கழுவும்போதும் யோசித்தார், உயரத் தண்டவாளத்தில் தொங்கி ஓடும் ரயிலில் ஆற்றுக்கு மேலே போகும்போதும் யோசித்தார். அவன் வந்துவிட்டால், அத்தனை மாரியும் அவள் வெறுமனே காத்திருந்தாள் என்றாகிவிடும். பால் கறந்தது, வேலி அடைத்தது, கன்று ஈன்ற பசுவோடு கண்விழித்தது எல்லாம் அவன் வரும்வரை பொழுதுபோக்கச் செய்தவை என்றாகிவிடும். அவன் வராவிட்டால்தான் அவள் அங்கே வாழ்ந்தாள் என்று இருக்கும். செல்வரட்ணம் இருந்த காலத்தில் புஷ்பராணிக்கு இது தோன்றியதில்லை. அப்போது கணவரைப் போல அவரும் உள்ளுக்குள் அந்தப் படத்தின் பக்கம்தான்.

இப்போது கணவர் போன வீட்டில் தேநீர் போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்துகொண்டு, பேருந்தைப் பிடித்துக்கொண்டு அவர் இருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அந்தத் தனிமை ஒரு குறை. அப்படி இல்லையென்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எலோடி மேடையில் நின்று காட்டினால் ஒருவேளை நம்புவார்கள்.

அடுத்த ஒத்திகையில் அவர் சொன்னார்: "ஆரணியின்ர பங்கு ஆலைக்காரனை மறுக்கிறதோட முடியுது. அந்தக் காட்சியில அவ நீலச் சட்டை போடட்டும். கடைசிக் காட்சி கனகாலத்துக்குப் பிறகு. எலோடி கிழவியாயிட்டா. அதை நான் செய்யிறன்."

 மேடையில் தனியே நிற்பதால், கணவரை இழந்துவிட்ட அவருக்கு இனி வரப்போகிற தீங்கு ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. தவமலரின் முகம் சிவந்தது.

"அக்கா, நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை..."

"நீர் சொல்லேல்லைத் தவம். நான்தான் சொல்லுறன்."

"உங்களுக்கு நடிப்பு வருமோ?" என்று முருகேசு மெதுவாகக் கேட்டார்.

"மாடு மாதிரிக் கத்துறதை விடச் சுகமாய்த்தான் இருக்கும் அண்ணை."

விழா நாளில் வழக்கம்போல மங்கல விளக்கு ஏற்றினார்கள். முந்தின வருடம் புஷ்பராணியும் செல்வரட்ணமும் சோடியாக ஏற்றிய விளக்கு. இம்முறை அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார். திரைக்குப் பின்னால் பால்வாளியைப் பிடித்தபடி நின்று மற்றவர்கள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐங்கரன் தும்மலை அடக்கிக்கொண்டு விடைபெற்றான். ஆரணி நீலச் சட்டையில் ஆலைக்காரனுக்கு மறுப்புச் சொல்லி நல்ல கைதட்டு வாங்கினாள். மேடை விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தபோது கறுப்பு உடுப்பில், முக்காட்டோடு புஷ்பராணி மேசையருகே நின்றார். எழுதியபடி அவர் ஒரு கிண்ணத்தை எடுத்துவைத்து, பாண் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, வாளியோடு தொழுவத்துக்குள் போக வேண்டும். பேச்சே கிடையாது.

அவருடைய கை இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்துவிட்டது.

வீட்டிலும் இப்படித்தான். இன்னும் சில காலைகளில் இரண்டு கோப்பை வந்துவிடும். அவர் இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எழுதியதல்ல என்று சபைக்குத் தெரியாது.  அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர், கதையில் ஊறிப்போய், உரத்த குரலில் சொன்னார்:

"பொறு பிள்ளை, அவன் வருவான்!"

சிலர் சிரித்தார்கள். சிலர் "ஸ்..." என்றார்கள். புஷ்பராணி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது கிண்ணத்தைத் துடைத்து, இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். வாளியை எடுத்தார்.

"வந்தால் வரட்டும்" என்றார். "எனக்குப் பால் கறக்க நேரமாச்சு."

அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். முருகேசு தன் பங்குக்கு மாட்டுச் சத்தம் போட மறந்து நின்றார். கைதட்டல் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்து ஒரு தரம் கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்களும் அதற்குச் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு தவமலர் தும்புத்தடியை எடுத்து மேடையில் கிடந்த புல்லைக் கூட்டத் தொடங்கினார். புஷ்பராணி பையைப் பிடித்தார்.  பை கட்டும்போது தவமலர், "அக்கா, கலியாணத்துக்கு முதல்நாளே வந்திடுங்கோ, பலகாரம் சுட ஆள் வேணும்" என்றார்.

"வாறன்."

வீடு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. முக்காட்டை உதறியதில் காய்ந்த புல் கொஞ்சம் தரையில் விழுந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் செல்வரட்ணத்தின் நாற்காலி, குழிந்த மெத்தையோடு அப்படியே கிடந்தது. தூங்கி விழித்து அவர் கேட்கிற கேள்விக்கு இத்தனை வருடமும் புஷ்பராணி "ஓம், வந்திட்டான், நீங்கள் படுங்கோ" என்றுதான் பதில் சொல்லி வந்தார்.

"வரேல்லையப்பா" என்றார் புஷ்பராணி நாற்காலியிடம். பிறகு சன்னலைத் திறந்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.