தார்ப்பாயும் அப்பா போட்ட முடிச்சும்

திருத்தங்கலில் எங்கள் அச்சகத்துக்குப் பின்னால் ஒரு கோடை முழுக்க மீன்பிடிப் படகு ஒன்று கிடந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. கடலுக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே உறவு சித்தப்பாதான். சித்தி தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. அப்பா அவருடன் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்ததே அந்த வருடப் பொங்கலுக்குத்தான். அப்போதும் வீட்டில் 'அந்தத் தூத்துக்குடிக்காரர்' என்றுதான் சொல்வார்.

அது பழைய ஃபைபர் படகு. மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பலகை இருக்கும். திருகாணி ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கி அந்தப் பலகை மக்கத் தொடங்கியிருந்தது. சித்தப்பா மேல் அடுக்கை அறுத்தெடுத்து, மக்கியதைச் சுரண்டிவிட்டார். மிச்சப் பலகை நன்றாகக் காய்ந்தால்தான் ரெசின் பசை ஒட்டும். கடற்கரைக் காற்றில் அது காய்வதாக இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் படகு தயாராகாவிட்டால் பிழைப்பே போச்சு என்று சித்தி அம்மாவிடம் அழுதாள்.

"இங்கன கொண்டாந்து போடச் சொல்லு. நம்ம ஊரு வெயிலுக்குக் கல்லே காஞ்சிரும்" என்றார் அப்பா. சித்திக்கு அழுகை நின்றுவிட்டது.

படகு லாரியில் வந்து இறங்கியதும் தெருவே கேலி பேசியது. "ஏலே, இந்த வருசம் கண்மாய் நெறையும்னு சோசியம் பாத்தாகளா?"

பட்டாசுக்கு லேபிள் அடிக்கிறவருக்கு மேகத்தைக் கண்டாலே தாளெல்லாம் நனைந்துவிடுமோ என்ற நினைப்புதான். அப்பா சாயங்காலமானால் புதுத் தார்ப்பாயால் படகை இறுக்கிப் போர்த்திக் கட்டி, தனக்கே உரிய முடிச்சு ஒன்றைப் போடுவார். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் பகலிலும் அவிழ்க்கமாட்டார். காலையில் தார்ப்பாயின் உட்புறம் முத்துமுத்தாக நீர் நிற்கும். "எம்புட்டுப் பனி பாரு. மூடாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்பார். நானும் ஆமாம் போடுவேன். அது பலகை விட்ட ஈரம், வெளியேற வழியில்லாமல் திரும்ப அதன்மேலேயே சொட்டுகிறது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பலகையைத் தட்டினார். டொக்கென்று கேட்கவேண்டிய இடம் பொத்தென்றது. தார்ப்பாயைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வலை மூட நல்ல தார்ப்பாய் ஒண்ணு இல்லாம கஷ்டமா இருக்கு. இதைக் கொஞ்ச நாளைக்குத் தருவீகளா?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தானே மடித்து, கயிறு சுற்றி, முடிச்சும் போட்டுக் கொடுத்தார். "படகுக்கு வேற வாங்கிப் போடட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. மழை வந்தா மேல ரெண்டு தகரம் வச்சாப் போதும்."

எனக்கு அவர்மேல் கோபமான கோபம். சொந்தப் படகை இப்படி அம்மணமாகப் போட்டுவிட்டா போவார்?

மழை வரவில்லை. அடுத்த முறை தட்டியபோது பலகை டொக் டொக்கென்றது. சித்தப்பா புதுப் பலகை பதித்து, ரெசின் பூசி, ஓட்டைகளை ஒன்றுவிடாமல் அடைத்து, தடைக்காலம் முடியுமுன் படகைக் கொண்டுபோய்விட்டார்.

முதலில் பிடித்த சீலா மீனோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், தார்ப்பாயையும் திருப்பிக் கொடுத்தார். அப்பா போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. அப்பா அதை விரலால் வருடிப் பார்த்தார். பிறகு அடுப்படியைப் பார்த்து, "தம்பிக்குச் சூடா ரெண்டு தோசை போடு" என்றார்.

தூத்துக்குடிக்காரர் எப்போது தம்பியானார் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கப்பா போட்ட முடிச்சைக் கடலுக்குப் போகிறவராலேயே அவிழ்க்க முடியவில்லை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.