அக்கா சத்தத்தைக் கூட்டிய நேரம்

அந்த ஸ்பீக்கர் பெட்டி என் இடுப்புயரம் இருக்கும். கறுப்புத் துணி போர்த்திய அதன் முகத்தில் உள்ளங்கையை வைத்தால் முதலில் கை நடுங்கும், பிறகு நெஞ்சுக்கூடு, கடைசியில் பல். மேடை ஓரத்தில் அதை ஒட்டித்தான் எனக்கு எப்போதும் இடம். மேடையில் கீபோட் வாசிப்பவள் என் அக்கா. பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று, மாநகர சபையில் கிளார்க்காக இருந்த அப்பா அவளுக்குத் துணையாகத் தங்கையான என்னை அனுப்பிவைப்பார். எங்கள் இருவரில் பயந்தாங்கொள்ளி நான்தான். என்னைக் காவலுக்கு அனுப்பிய அப்பாவின் புத்தியை என்ன சொல்ல.

எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரம் ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓய்ந்தது என்று யாரும் நம்பவில்லை. பேண்ட் இசைக்குழுவில் அக்காவைத் தவிர எல்லோரும் சிங்களவர்கள், நல்ல மனிதர்கள். பேண்ட் மாஸ்டர் அவளுக்கு ஒரு சிங்களப் பெயர் வைத்து அந்தப் பெயரிலேயே மைக்கில் அறிமுகப்படுத்துவார். அக்காவின் சிங்களத்தில் ஒருவரும் குறை பிடிக்க முடியாது. என் சிங்களம் கடையில் பருப்பு வாங்க மட்டும் போதும். நான்கு சொல் பேசினால் தமிழச்சி என்று தெரிந்துவிடும். வழியில் மறித்து, பேசவைத்துக் கேட்டு, ஆளை அடையாளம் கண்டு அடித்த காலம் அது. "அங்க வந்து வாயத் திறக்காத. ஊமைன்னு நெனச்சுக்கட்டும்," என்று அக்கா ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் வைத்துச் சொல்வாள்.

அக்காவிடமும் தமிழச்சி என்று காட்டிக்கொடுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. வாசிக்கத் தொடங்கும் முன் கீபோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நாங்கள் புத்தகத்துக்கும் செய்வோம், தையல் மெஷினுக்கும் செய்வோம். மேடையில் மட்டும் அது வேண்டாம் என்று மாஸ்டர் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார். அவளும் கைகளை இறுக்கிக்கொண்டு பழகியிருந்தாள்.

அந்த வாத்தியத்தை அவள் வாசித்தபோது எனக்கு நடந்ததை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தானாகத் தாளம் போடும் மின்பெட்டி துடிக்கத் தொடங்கும். அதன் கீழே அவளுடைய இடது கை ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்திருக்கும். பலகைத் தரை வழியாக அது பாதத்தில் ஏறும். கொஞ்ச நேரத்தில் துடிப்பது என் இதயமா ஸ்பீக்கர் பெட்டியா என்று பிரித்தறிய முடியாது. மாரியம்மன் கோவிலில் உடுக்குச் சத்தத்துக்குச் சாமி வந்து ஆடுகிறவர்களை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "இது காதுக்கு இல்லடி, எலும்புக்கு," என்பாள் அக்கா. கீழே ஆடும் நூறு பேருக்கும் அந்த நேரத்தில் ஒரே உடம்பு. அது நிற்கும்போதுதான் எனக்குப் பயம் வரும்.

அன்றைக்கு எங்கள் கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவையில் ஒரு மண்டபம். ஊரடங்குக்குப் பயந்து பகல் இரண்டு மணிக்கே ஆட்டம் தொடங்கியது. நடுவில் கரண்ட் போய்விட்டது. தாளம் பாதியில் செத்தது. அந்த அமைதியில், வடக்கில் தமிழ் இயக்கத்தினர் தாக்கி ஆமிக்காரர்கள் இறந்துபோனதாக ஒரு செய்தி வாசலிலிருந்து உள்ளே வந்தது. முகங்கள் மாறுவதைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆங்காங்கே கும்பலாகக் கூடிப் பேசினார்கள்.

கரண்ட் வந்ததும் மாஸ்டர் தலையசைத்தார். அக்கா கீபோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பயத்தில் கை தன்பாட்டில் போயிருக்க வேண்டும். அவள் மெதுவாக ஒற்றைக் கையால் தொடங்கினாள். முன்வரிசையில் நின்ற சிவப்புச் சட்டைக்காரன் மேடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நேரே என்னிடம் வந்தான். "அவ தமிழா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"எனக்குத் தெரியாது," என்று சிங்களத்தில் சொன்னேன். "அவ யாருன்னே தெரியாது."

அவன் புருவம் சுருங்கியது. குனிந்து என் முகத்தருகே இன்னொரு கேள்வி கேட்டான். அதே நொடியில் பெட்டி முழங்கியது. மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவன் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் காதைக் காட்டித் தலையாட்டினேன். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வாசலில் நின்ற நண்பர்களிடம் போய் எங்களைக் காட்டி ஏதோ சொன்னான். அக்கா நிறுத்தவே இல்லை. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விடாமல் போனாள். மறுபடி எல்லோரும் ஆடினார்கள். கடைசியில் பின்கதவால் போய், பேண்ட் சாமான் ஏற்றும் வேனில் ஏறி, சீட்டுக்குக் கீழே படுத்தபடி கண்டிக்கு வந்தோம்.

அவன் எதற்காகக் கேட்டான் என்று இன்றுவரை தெரியாது. அவள் வாசிப்பு பிடித்துப்போய்க் கேட்டிருக்கவும் கூடும். கூடப் பிறந்தவளை யாரென்றே தெரியாது என்று சொன்னது மட்டும் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அவள் இசையில் மூழ்கியிருந்தாள், அது அவள் காதில் விழுந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வருடம் கண்டியில் திறந்த வெளியில் இளைஞர்கள் நடத்திய ஒரு இசை நிகழ்ச்சிக்கு இருவரும் போனோம். ஒரே ஒரு பையன், ஒரு கம்ப்யூட்டர், ஆளுயரப் பெட்டிகள். நரைத்த தலையோடு அக்கா கண்ணை மூடி நின்றாள். நான் வழக்கம்போல வெளியேறும் வழி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த அதிர்வு நெஞ்சில் ஏறியதும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் அவள் காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேட்டுச்சு," என்றாள் அக்கா. "நீ பேசுன சிங்களத்த அவன் இன்னொருக்கா கேட்டுறக் கூடாதுன்னுதான் சத்தத்தக் கூட்டுனேன்."