மணிக்கு மேல் மிதக்கும் தட்டு

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கிற பொருள்மேல்தான் முதலில் வரும். அன்று கையில் இருந்தது துப்பாக்கி. நல்ல வேளை, அதில் தோட்டா இல்லை.

மலேசியாவில் அலோர் ஸ்டாருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் சுடும் திடலில் இயந்திரம் வீச, எனக்காக இருபத்தைந்து களிமண் தட்டுகள் பறந்தன. நான் உடைத்தது ஒன்பது. முந்தின வாரம் வரை கிளப்பின் பழைய துப்பாக்கியில் பதினேழு, பதினெட்டு என்று உடைத்துத் தள்ளியவள் நான். கிளப்புக்குப் புதிதாக வந்த துப்பாக்கியை ஆசைப்பட்டு நானேதான் கேட்டு வாங்கினேன். குழல்மேல் நீளமாக ஒரு பட்டை ஓடும், ரிப் என்பார்கள். பின்னால் இருந்து நம் கண் அதன் வழியாகப் போய், முனையில் இருக்கும் சிறு மணியைத் தொட வேண்டும். பழையதில் அந்தப் பட்டை குழலோடு ஒட்டிப் படுத்திருக்கும். புதியதில் சின்னச் சின்னத் தூண்கள்மேல் ஒரு விரல் உயரத்தில் நிற்கும். பார்த்தவுடன் மயங்கிவிட்டேன்.

"இது கோணத் துப்பாக்கிண்ணே," என்றேன், கிளப்பில் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்பவரிடம்.

"துப்பாக்கில ஒன்னும் இல்லலா. நேத்து ஒருத்தரு இதுலதான் இருவத்திரெண்டு அடிச்சாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வாரத்தில் தேர்வு. மாநிலப் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி, அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று நான். இன்னொருவர் மெர்கோங்கிலிருந்து வரும் ஒரு டீச்சர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நாற்பத்திரண்டு வயதில், செம்பனை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற எனக்கு, முதுகில் எங்கள் மாநிலப் பெயர் கெடா என்று எழுதிய சட்டையைப் போட அப்படி ஓர் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவரும் சிரித்தார், அது வேறு கதை.

நான் சுடப் பழகியது திடலில் இல்லை. பாடாங் மேஹாவில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை உண்டு. கன்று நட்டால் காட்டுப்பன்றி வந்து குருத்தைத் தின்றுவிடும். நிலம் என் பெயரில், அதனால் துப்பாக்கி உரிமமும் என் பெயரில். வீட்டுக்காரர் தகரத்தைத் தட்டி விரட்டுவார், நான் சுடுவேன். அந்தத் துப்பாக்கிக்குப் பட்டையே கிடையாது. மொட்டைக் குழல், முனையில் ஒரு மணி, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் சுடுவது ஒரே மாதிரி. ஓடுகிற பன்றியை மணியால் மூடு, அமுத்து. எனக்கும் அதுவே கையில் ஊறிவிட்டது.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பேப்பர ஒட்டிச் சுட்டுப் பாத்தியா? தப்பு யாரு மேலன்னு தெரிஞ்சிருமில்ல."

"என் மேல தப்பு இல்லங்க."

"அதத்தான் பேப்பர் சொல்லும்."

மறுநாள் கடையில் மாஜோங் பேப்பர் நாலு வாங்கினேன், கூட்டங்களுக்கு எழுதி ஒட்டுவார்களே, அந்தப் பெரிய வெள்ளைத் தாள். திடலில் பலகைமேல் ஒட்டி, தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம் போட்டேன். பழக்கப்படி மணியால் வட்டத்தை மூடிச் சுட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தால் வட்டத்தில் ஐந்தாறு ஓட்டைதான். ஒரு தோட்டாவுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான ரவைக் குண்டுகளில் மிச்சம் எல்லாம் அதற்கு மேலே கூட்டமாகக் கூடியிருந்தது. இன்னொரு முறை சுட்டேன். அதே கதை. துப்பாக்கி கோணல் இல்லை. உயரப் பட்டை வைத்த அந்தத் துப்பாக்கியின் சுபாவமே மேலே சுடுவதுதான்.

அடுத்த தாளில் வட்டத்தை மூடவில்லை. மணியைக் கீழே வைத்து, வட்டம் அதன்மேல் மிதக்கிற மாதிரி பார்த்துச் சுட்டேன். வட்டம் சல்லடையாகிவிட்டது. நான் குதித்த குதியில் பக்கத்தில் நின்றவர்கள் பயந்தே போனார்கள்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பன்றி தரையில் ஓடும், களிமண் தட்டோ எழும்பிக்கொண்டே போகும். குழலால் மூடினால் அது கண்ணுக்கே தெரியாது. தட்டை முழுசாகப் பார்த்துக்கொண்டே அதன் கீழே மணியை வைத்தால், ரவை தானே மேலே போய் அதைப் பிடிக்கும். தலையை அழுத்தி வைக்க வேண்டாம், கழுத்து வலி இல்லை. பத்து தோட்டா சுட்டபின் குழலிலிருந்து எழும் அனல் தூண்களுக்கு நடுவே கலைந்து போய்விடுகிறது, கண்ணுக்கு முன்னால் தட்டு ஆடுவதில்லை. இவ்வளவு அருமையான சாமானையா திட்டினேன் என்று அதைத் தடவிக் கொடுத்தேன்.

ஆனால் புத்திக்குப் புரிந்தது கைக்குப் புரிய நாளாயிற்று. முதல் வாரம் பதினான்கு. அடுத்தது பதினேழு. தேர்வுக்கு முந்தின நாள் இருபது. அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தேர்வு நாளில் டீச்சர் எனக்கு முன்னால் சுட்டு, பத்தொன்பது எடுத்தார். சமமாக வந்தால் இடம் அவருக்கு, முந்தைய சுற்றில் அவர் கை ஓங்கியிருந்தது. எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டு முடித்தவர்தான் அடுத்த சுற்றுக்குப் பக்க நடுவராக உட்கார வேண்டும். டீச்சர் இடப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இருபத்து நான்கு தட்டுகள் முடிந்தபோது நானும் பத்தொன்பது. கடைசித் தட்டுக்குக் குரல் கொடுத்தேன். அது இடப்பக்கம் தாழ்வாகச் சீறிப் பாய்ந்தது, பன்றி மாதிரி. என் கை பாடாங் மேஹாவுக்கே போய்விட்டது. மணி தட்டை மூடியது. விசையை அமுத்தும்போதே தெரிந்துவிட்டது, மேலே சுட்டுவிட்டேன்.

தட்டு முழுசாகவே பறந்து போய் விழுந்த மாதிரிதான் இருந்தது. ஒரு துண்டாவது உடைந்து தெறித்தால்தான் கணக்கு. நான் எதையும் பார்க்கவில்லை. நடுவரான மலாய்க்காரருக்கும் சந்தேகம். டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சிக்கு, கெனா கா தாக்?"

டீச்சர், பட்டதா இல்லையா என்று மலாயில் கேட்கிறார். டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், இடம் அவருக்கு. யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும்கூட. அவர் கையைத் தூக்கினார்.

"கெனா," என்றார். என் பக்கம் திரும்பி, "மேல் விளிம்புல ஒரு துண்டு போச்சு."

நடுவர் இருபது என்று எழுதினார். என்னைச் சுற்றி ஒரே கைதட்டல். யார் யாரோ கட்டிப் பிடித்தார்கள். வீட்டுக்காரர் விசில் அடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் போனேன்.

"எனக்கே தெரியலக்கா. நீங்க சும்மா இருந்திருக்கலாமே."

"பாத்துட்டேனேமா. நல்லா செய், போ," என்று சிரித்துத் தோளைத் தட்டினார்.

பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போய்க் காரில் ஏறினார். கதவைச் சாத்தியதும் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் நானும் அழுதேன்.