தொடாமல் ஓடிய கணிப்பொறி

உப்புக்காற்று எங்கள் அலுவலகத்தில் எதையும் சும்மா விட்டதில்லை. ஜன்னல் கம்பி, பூட்டு, கணிப்பொறியின் முதுகில் இருக்கும் திருகாணி, எல்லாவற்றையும் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகும். துறைமுகச் சாலையில், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தாள்கள் தயாரிக்கும் சின்ன அலுவலகம். அப்போது எனக்குத் தலை முழுக்கக் கறுப்பு. இன்றைக்கும் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே போனால், அந்த மேசைகளும் அந்த அக்காவும் மனசுக்குள் வந்து நிற்கிறார்கள்.

அக்காவுக்கு என் பக்கத்து மேசை. அவள் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோனவர். பாய்க்கயிறு பிடித்த அந்தக் கை, காபி தம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்க ஆரம்பித்தது. நடுக்குவாதம் என்றார்கள். உடம்புக்குள் ஒரு புரதம் மடிய வேண்டிய விதத்தில் மடியாமல் போவதும் இதில் சேர்த்தி என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையை அக்கா விடவில்லை. தேடித்தேடி ஒன்றைப் பிடித்தாள். எங்கோ ஓர் ஆய்வுக்கூடம், புரதங்கள் எந்த வடிவில் மடியும் என்கிற பெருங்கணக்கைத் துண்டுதுண்டாக நறுக்கி, விருப்பப்பட்டவர்களின் கணிப்பொறிகளுக்கெல்லாம் அனுப்புகிறது. நாம் வேலை செய்யும்போது அது ஒதுங்கிக்கொள்ளும். நாம் கையை எடுத்ததும் தன் கணக்கைத் தொடரும். கணக்கு முடிந்ததும் தானாகவே திருப்பி அனுப்பும். கெடு தாண்டினால் அந்தத் துண்டு வேறு யாருக்கோ போய்விடும்.

முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் தன் கணிப்பொறியில் அதை ஏற்றினாள். நாங்கள் டீக்கு எழுந்தால் போதும், திரையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு ரிப்பன் சுழலும், சுருளும், பிரியும், கடலுக்கடியில் பாசி அசைகிற மாதிரி. அக்கா டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் செயற்கை அறிவு அந்த வடிவத்தைக் கேட்ட மாத்திரத்தில் வரைந்து காட்டிவிடுகிறதாம். நல்லதுதான். ஆனாலும் அந்த மெதுவான சுழற்சி, அந்த ஆறிப்போன டீ.

ஒருமுறை நீளமான துண்டு ஒன்று வந்தது. மின்வெட்டு, மழை, அவசரச் சரக்கு என்று பின்தங்கிப் பின்தங்கி, அதன் கெடு சரியாக ஆயுதபூசையன்று வந்து விழுந்தது. அன்றைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் எங்கள் அலுவலகத்தில் சந்தனம் வைப்பது. மறுநாள் அண்ணாச்சி தொட்டுக் கொடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு துண்டால் வீட்டுக்காரர் கைநடுக்கம் நின்றுவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தினமும் அவர் கேட்கிறாராம், முடிஞ்சிட்டா என்று.

பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் தயார். எங்கள் டிரைவர் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு குறத்தி வேஷம் கட்டி, வளையல் குலுங்க வாசலில் நின்றார். அண்ணாச்சி கை சுவிட்சுக்குப் போனது. அக்கா கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, என் மிசின மட்டும் விட்டுருங்க."

"எம்மா, வருசம் பூரா உழைச்சதுக்கு ஒருநாள் ஓய்வு. அதையுமா பிடுங்குவ?"

"நாம தொட்டாத்தான் அண்ணாச்சி இது நிக்கும். தொடாம இருந்தா ஓடும். இன்னைக்கு யாரும் தொடமாட்டீங்கள்லா."

அண்ணாச்சி யோசித்தார். கை சுவிட்சிலேயே இருந்தது.

"அப்ப இதுவும் என்னைய மாதிரிதான்," என்றார் குறத்தி. "வருசம் பூரா உங்களுக்கு ஓட்டுதேன், இன்னைக்கு அம்மனுக்கு ஆடுதேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்தார். ஓடிக்கொண்டிருந்த திரையின் விளிம்பில், குழந்தை நெற்றிக்கு வைப்பதுபோல, அசையாமல் சந்தனம் வைத்தார். மவுசுக்குக் குங்குமம் வைக்கப்போன என் கையை அக்கா தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணாச்சி ஒதுங்கி நின்று, நீயே தொடும்மா என்றார். அக்கா தொட்டாள். அனுப்பியாயிற்று, கிடைத்தது என்று திரையில் இருந்தது. கெடுவுக்குள்தான். அவள் உடனே வீட்டுக்கு போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"எந்தத் துறைமுகத்துல இறக்கினானாம்?"

"அதெல்லாம் போடலங்க. போய்ச் சேந்துட்டு, அவ்வளவுதான்."

"சேந்துட்டுன்னா சரி," என்றார். "அடுத்தத ஏத்து."